டர்போ இல்லாத பழைய டிராக்டர் இன்ஜினில் டர்போ பொருத்தலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் டர்போ (வெளியேறும் புகையின் விசையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) இல்லாத, மூன்று சிலிண்டர் கொண்ட பழைய டீசல் டிராக்டர் ஒன்று இருக்கிறது. ஈர மண்ணில் ரொட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) ஓட்டும்போது இன்ஜின் திணறுவதோடு கரும்புகையும் கக்குகிறது. வேறொரு இன்ஜினிலிருந்து கழற்றிய சிறிய டர்போ ஒன்று கைவசம் உள்ளது. அதைப் பொருத்தினால் இழுவை கூடுமா, இன்ஜினின் ஆயுள் குறையுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதல் பதில்:
உள்ளே போகும் டீசல் முழுவதும் எரிவதற்குக் காற்று போதவில்லை என்பதையே கரும்புகை காட்டுகிறது. ஏர் ஃபில்டர் அடைப்பாலும் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் தேய்ந்திருப்பதாலும்கூட அது வரும் என்பதால், முதலில் அவற்றைச் சரிபாருங்கள். இன்ஜின் நன்கு சூடான பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கும்போது அங்கிருந்து புகை குபுகுபுவென்று வந்தால், பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. அந்த நிலையில் டர்போவை நினைக்கவே வேண்டாம்.

இன்ஜின் நல்ல நிலையில் இருந்து, டர்போவும் அதன் கொள்ளளவுக்கு ஏற்றதாக இருந்தால், பம்பில் டீசலைக் கூட்டாமல் பொருத்துங்கள். இப்போது புகையாக வீணாகும் டீசலும் எரிந்து இழுவை ஓரளவு கூடும். வெளியேறும் புகையின் வெப்பமும் குறையும். பம்பைத் திருகி டீசலைக் கூட்டும்போதுதான் பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும் பலியாகின்றன. தொழிற்சாலையிலேயே டர்போவுடன் வரும் இன்ஜின்கள் பலவற்றில், பிஸ்டனின் அடிப்பாகத்தில் ஆயிலைப் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஜெட்டுகள் உண்டு. பழைய இன்ஜின்களில் பெரும்பாலும் அவை இருப்பதில்லை. ஆகவே காற்றழுத்தத்தை 0.5 பார் அளவோடு நிறுத்தி, புகை வெளியேறும் மேனிஃபோல்டில் டர்போவுக்கு முன்னால் ஒரு வெப்பமானியைப் பொருத்தி, தொடர்ந்து லோடில் ஓடும்போது 650 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பதில்:
ஆயில் திரும்பும் குழாயில் மிகுந்த கவனம் வேண்டும். டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு வந்தாலும், அங்கிருந்து தன் எடையால்தான் கீழே வடிகிறது. நான் அந்த ரப்பர் குழாயைச் சற்றுத் தொய்வாக விட்டுவிட்டேன். தொய்வில் ஆயில் தேங்கி, சீல் வழியாகக் கசிந்து, இரண்டாம் நாளே நீலப்புகை வந்தது. காற்றுக்குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டால் விரல் முழுக்க ஆயில். கசிவு அதிகமானால் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு, டீசலை நிறுத்தினாலும் இன்ஜின் நிற்காமல் வேகமெடுக்கும். குழாய் அகலமானதாகவும் நேரே கீழிறங்குவதாகவும், சம்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உள்ள ஆயில் மட்டத்துக்கு மேலே இணைக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன், புகை இல்லை. ஆனால் ஆயில் ஊற்றும் வகை ஏர் ஃபில்டரின் கிண்ணத்தில் பாதிக்கு மேல் சேறு படிந்திருந்தது. கழுவிப் புது ஆயில் ஊற்றி ஓட்டியதில் புகை வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்ஜெக்டர்களைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். அவை வந்த பிறகே டர்போவைப் பற்றி முடிவெடுப்பேன்.

முதல் பதிலளித்தவர்:
நல்ல முடிவு. டர்போ பொருத்துவதானால் அந்த ஃபில்டரை மாற்றிவிடுங்கள். கூடுதல் காற்றை இழுக்கும்போது கிண்ணத்து ஆயிலும் சேர்ந்து உள்ளே போய்விடும். போதிய அளவுள்ள பேப்பர் ஃபில்டரே பாதுகாப்பானது.