கிட்ல ரெண்டு கோடு வந்த பிறகும் தீட்டு வருமா?

திருப்பூர் பொண்ணு:
அக்காமாரே, கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சு. போன வாரம், நாள் தள்ளி ஒன்பதாம் நாள் காலையில கிட் போட்டேன். ரெண்டு கோடு, ரெண்டாவது கொஞ்சம் மங்கல். நேத்து கம்பெனியில செக்கிங் டேபிள்ல நிக்கும்போது ஈரமா இருந்துச்சு. போய்ப் பார்த்தா காபித்தூள் கரைச்ச மாதிரி பழுப்பு. இன்னைக்குக் காலையில கொஞ்சம் சிவப்பு. பேட் நனையல. அடிவயிறு லேசா இழுக்குது. மாமியார், "இவன் வயித்துல இருக்கும்போது நான் மூணு மாசமும் தலைக்குக் குளிச்சேன், ஒண்ணும் ஆகாது"ங்கறாங்க. வயித்துல கரு இருக்கும்போதே பீரியட்ஸ் வருமா? ஞாயித்துக்கிழமைதான் லீவு. அதுவரைக்கும் பொறுக்கலாமா?

யுகேஜி அம்மா:
எனக்கும் ஆறாவது வாரம் இப்படித்தான் பட்டுச்சு. ஸ்கேன்ல துடிப்பு இருந்துச்சு. இப்போ பையன் யுகேஜி படிக்கிறான். பயந்துக்காதம்மா, ஆனா போய்க் காட்டிடு.

தேனி தையல்காரி:
தங்கச்சி, ஞாயிறு வரைக்கும் வேண்டாம். கம்பெனியில சொல்லிட்டு இன்னைக்கே போ.

தீட்டுங்கறது கரு தங்காத மாசம் கர்ப்பப்பையோட உள்சவ்வு உரிஞ்சு வர்றது. கரு தங்கிட்டா புரோஜெஸ்டிரோன்ங்கற ஹார்மோன் அந்தச் சவ்வை உரியவிடாது. அதனால இப்போ வர்றது தீட்டு இல்ல, வேற காரணத்தால வர்ற ரத்தம். உங்க மாமியார் பொய் சொல்லல. அவங்களுக்கு ரத்தம் வந்திருக்கும், அந்தக் காலத்துல அதைத் தீட்டுன்னே எண்ணியிருப்பாங்க. முதல் மூணு மாசத்துல ஏறக்குறைய நாலு பேர்ல ஒருத்தருக்கு ரத்தம் படும். அதுல பாதிப் பேருக்கு மேல கர்ப்பம் நல்லபடியாவே தொடரும். கரு ஒட்டும்போது படலாம், கர்ப்பப்பை வாய்ல இருந்து வரலாம், கர்ப்பப்பைக்குள்ள கருவுக்குப் பக்கத்துல ரத்தம் கட்டியிருக்கலாம். கரு கலையறதாவும் இருக்கலாம். கருக்குழாய்ல தங்கினதாவும் இருக்கலாம். எதுன்னு வீட்ல உட்கார்ந்து சொல்ல முடியாது.

எனக்கு 2014-ல கருக்குழாய்ல தங்கிருச்சு. ஒரு வாரம் தள்ளி ரத்தம் வந்ததும், லேட்டா வந்த தீட்டுன்னு கிட்டே போடல. அஞ்சு நாளா கருஞ்சிவப்பா கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு, வலது பக்க அடிவயித்துல குத்துச்சு. ஒரு கிளினிக்ல வலிக்கு ஊசி போட்டு அனுப்பினாங்க, யூரின் டெஸ்ட் எடுக்கச் சொல்லல. மறுநாள் தோள்பட்டை நுனியில வலி, படுத்தா இன்னும் ஜாஸ்தி. மிஷின் மிதிச்ச அலுப்புன்னு தைலம் தேய்ச்சேன். வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சா தோள்ல வலிக்கும்னு எனக்கு யார் சொன்னா? ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வச்சிட்டு எந்திரிச்சேன், கண்ணு இருட்டிருச்சு. 108-ல கொண்டு போனாங்க. குழாய் வெடிச்சிருந்துச்சு. ஒரு குழாயை எடுத்துட்டாங்க, ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க. மிச்ச குழாய்ல 2016-ல மகள் பிறந்தா.

அதனால ஒரு பக்கமா வலி, தோள்வலி, தலைசுத்தல், மணிக்கொரு பேட் நனையறது, இதுல ஒண்ணு வந்தாலும் நடு ராத்திரின்னு பார்க்காம 108-க்குப் போன் போடு. மெடிக்கல்ல நீயா மாத்திரை கேட்டு வாங்காத. உன் ரத்த வகை நெகடிவ்னா டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லு, அம்மா உடம்பு குழந்தையோட ரத்தத்தை எதிர்க்காம தடுக்கற ஆன்டி-டி ஊசி தேவையான்னு பார்ப்பாங்க. எத்தனை பேட் மாத்துன, என்ன நிறம்னு எழுதி எடுத்துட்டுப் போ. ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலைன்னாலும் உடைஞ்சு போயிடாத. நாள் கம்மின்னா தெரியாது. ரத்தத்துல ஹெச்சிஜிங்கற கர்ப்ப ஹார்மோன் அளவை 48 மணி நேரம் விட்டு ரெண்டு தடவை பார்ப்பாங்க.

திருப்பூர் பொண்ணு:
அக்கா, போயிட்டு வந்துட்டேன். மாமியாரும் கூட வந்தாங்க. உள்வழியா ஸ்கேன் எடுத்தாங்க. கரு கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்காம், டாக்டர் திரையில விரல் வச்சுக் காட்டினாங்க, உளுந்து அளவு கருப்பா ஒரு வட்டம். பக்கத்துல சின்னதா ரத்தக்கட்டு. துடிப்பு இன்னும் தெரியல, பத்து நாள் கழிச்சு வரச் சொன்னாங்க. என் வகை ஓ பாசிடிவ். படுத்தே கிடக்க வேண்டாம், பாரம் மட்டும் தூக்காதேன்னாங்க. உங்க தோள்வலி விஷயத்தை மாமியார்கிட்ட படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவே இல்ல.

தேனி தையல்காரி:
உள்ளதான் இருக்குன்னு கேட்டதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. பத்தாம் நாள் துடிப்பு பார்த்துட்டு எழுது தங்கச்சி. நடுவுல ரத்தம் கூடுச்சுன்னா அந்தத் தேதி வரைக்கும் பொறுக்காத.