தண்ணிக்குள்ள நின்னு ட்ரௌட் மீன் பிடிக்கறவங்க, ஆறு உங்கள பயமுறுத்துன அனுபவம் சொல்லுங்க

காவேரிக்கரையான்:
அமெரிக்காவுல ஆர்க்கன்சா வைட் ரிவர், புல் ஷோல்ஸ் டேமுக்கு கீழ. போனவங்களுக்கு தெரியும், எட்டு ஜெனரேட்டர், கரன்ட் தேவை ஏறினா ஓட விட்டு தண்ணிய ஆத்துல திறப்பாங்க, டேம் பக்கத்துல இருந்தா சைரன் கேக்கும், பல மைல் தள்ளி நின்னா தண்ணி வந்துதான் சொல்லணும். ஆகஸ்ட் மதியம் நானும் ஃப்ரெண்டும் நடு ஆத்துல கூழாங்கல் திட்டு மேல நின்னு நிம்ஃப் (தண்ணிக்கடியில போற பூச்சி மாதிரி தூண்டில்) போட்டுட்டு இருக்கோம், திடீர்னு காஞ்ச இலை, சுள்ளி, புல்லுன்னு மிதந்து வருது. கரையில கிடந்ததெல்லாம் மிதந்தா தண்ணி ஏறுதுன்னு அர்த்தம், உடனே லைன சுத்திட்டோம். திட்டுல முட்டிக்கு கீழதான் தண்ணி, ஆனா கரைக்கும் எங்களுக்கும் நடுவுல இருக்கற பள்ளம் அதுக்குள்ள தொடைக்கு வந்துருச்சு. கனமான ஆள் ஓட்டம் வர்ற மேல்பக்கம் நிக்க, தோள் புடிச்சு சேர்ந்து கடந்தோம்.

என்ன இன்னும் விடாதது அது இல்ல. திட்டோட கீழ் முனையில வயசான ஒருத்தர் தனியா நின்னாரு. தொண்டை கிழிய கத்தி கைய ஆட்டினோம். அவர் சிரிச்சுகிட்டே பதிலுக்கு கைய ஆட்டிட்டு திரும்ப தூண்டில் வீசறாரு. கைடு போட் ஒண்ணு வந்து அவர ஏத்திக்கறப்போ இடுப்பளவு தண்ணி. போட் வராம இருந்திருந்தா?

ஓரிகன் செல்வி:
அண்ணா படிக்கறப்பவே வயித்த கலக்குது. நான் டெஷூட்ஸ் ஆறு, மாபின் ஊர் பக்கம். அங்க போட்ல இருந்தபடி தூண்டில் போடவே கூடாது, இறங்கித்தான் ஆகணும், பாறையெல்லாம் அப்படி வழுக்கும். ரெண்டு பாறைக்கு நடுவுல வலது பூட் மாட்டிகிச்சு. தண்ணி பக்கவாட்டுல தள்ளுது, முட்டி மடங்குது, கால் வரல. ஊன்றுகோல மேல்பக்கம் ஊனி முழு கனத்தையும் அதுல சாய்ச்சு, கால முன்னாடி இழுக்காம போன வழியிலயே பின்னாடி எடுத்தேன், வந்துருச்சு. விழுந்து வேடர்ஸ்குள்ள (நெஞ்சு வரைக்கும் போடற தண்ணி புகாத பேன்ட்) தண்ணி போயிருந்தா கல்லு மாதிரி அடியில இழுத்துருக்கும்.

மான்டானா மாமா:
செல்வி, கால பின்னாடி எடுத்தீங்க பாருங்க, அதான் சரி. ஆனா கல்லு மாதிரி இழுக்கும்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன்மா, இத நம்பறதாலதான் விழுந்ததும் பதறிடறாங்க. தண்ணிக்குள்ள இருக்கற தண்ணிக்கு எடை தெரியாது, வேடர்ஸ் நிரம்பினாலும் அடியில இழுக்காது, கரையேறும்போதுதான் கனக்கும். உள்ள இருக்கற காத்து தலைகீழா கவுத்துடும்னு இன்னொரு பயம் இருந்துச்சு, அது பொய்னு காட்ட பிரபல அமெரிக்க தூண்டில்காரர் லீ உல்ஃப் வேடர்ஸோட பாலத்துல இருந்து ஆத்துல குதிச்சே காட்டினாரு. வேடர்ஸ் மேல இடுப்பு பெல்ட் கண்டிப்பா வேணும், உள்ள போற தண்ணிய குறைக்கும், குளிர் தண்ணி அதிகமா உள்ள போனா கை கால் சீக்கிரம் விறைச்சுடும். விழுந்துட்டா மல்லாந்து படுங்க, பாதம் ஓட்டம் போற திசையில, கால்விரல் தண்ணிக்கு மேல, கையால துழாவி கரைப்பக்கம் வாங்க, நல்லா ஆழம் குறையற வரைக்கும் எழுந்து நிக்க முயற்சி பண்ணவே பண்ணாதீங்க, ஓடற தண்ணியில நிக்க பாத்தாதான் பாறையிடுக்குல கால் மாட்டும், மாட்டினா தண்ணி ஆள அப்படியே அமுக்கிடும். கடக்கும்போது ஓட்டத்துக்கு பக்கவாட்டா நில்லுங்க, ஒரு கால் ஊனினப்புறம்தான் அடுத்த கால், கால குறுக்க வைக்காதீங்க, ஓட்டம் போற பக்கமா கொஞ்சம் கீழ்நோக்கி சாய்வா போங்க. வேகம் ரெண்டு மடங்கானா தள்ளற விசை நாலு மடங்கு. இறங்கறதுக்கு முன்னாடி ஓட்டம் போற கீழ்ப்பக்கம் என்ன இருக்குன்னு பாருங்க, தண்ணியில விழுந்து கிடக்கற மரத்துக்கு ஓட்டம் வர்ற மேல்பக்கமா ஆத்த கடக்கவே கூடாது.

மேடிசன் ஆத்துல குவேக் லேக் ஏரிக்கு கீழ நான் விழுந்து கொஞ்ச தூரம் மல்லாந்துதான் போனேன். வானம் மட்டும் தெரிஞ்சது, காதுக்குள்ள கல்லு உருள்ற சத்தம். அதனாலதான் இவ்ளோ சொல்றேன்.

துராங்கி தம்பி:
மாமா, கீழ்நோக்கி சாய்வா போறது திரும்பி வர வழி இருந்தா மட்டும்தான். இங்க நியூசிலாந்துல டோங்காரிரோ ஆத்துல குளிர்காலத்துல டாப்போ ஏரியில இருந்து ரெயின்போ ட்ரௌட் ஏறி வரும், அந்த ஆசையில ஒவ்வொரு அடியா கீழ போய்ட்டே இருப்போம். நான் அப்படி போன திட்டுல நின்னதும் பூட்டுக்கு அடியில இருந்த பொடிக்கல் தானா நகர ஆரம்பிச்சது, நான் அசையல, தரைதான் போகுது, குதிகால் எறங்கிட்டே இருக்கு. மேல திரும்ப ஏற ஓட்டம் விடல. பக்கவாட்டுல நகர்ந்து நகர்ந்து வெளிய வந்தேன். அதுல இருந்து திரும்பி ஏற முடியுமான்னு பாத்துட்டுதான் அடுத்த அடி.

யாராவது ஃபெல்ட் சோல் (கம்பளித் துணி மாதிரி அடிப்பகுதி வச்ச பூட்) வாங்கலாமான்னு கேக்கறதுக்கு முன்னாடி: அதுல ஒட்டிகிட்டு டிடிமோ பாசி பரவுதுன்னு நியூசிலாந்துல 2008லயே தடை, யெல்லோஸ்டோன் பார்க்லயும் 2018ல இருந்து தடை. ரப்பர் சோல்ல ஸ்டட் (பிடிப்புக்கான உலோக முளை) போட்டுக்கோங்க, அது கழண்டு விழுந்துட்டே இருக்கும், இறங்கறதுக்கு முன்னாடி எண்ணிப் பாருங்க.