சேர்த்து வைத்த முட்டையில் ரத்த வளையம்: சேவலை மாற்ற வேண்டுமா?

உசிலம்பட்டியிலிருந்து:
வணக்கம். எட்டுப் பெட்டை, ஒரு சேவல், எல்லாம் நாட்டுக்கோழி. சித்திரையில் முட்டை சேர்த்து இன்குபேட்டரில் வைத்தேன். வெப்பம் 37.5 டிகிரியில்தான் நிற்கிறது. தனியாக ஒரு தெர்மாமீட்டர் போட்டும் பார்த்துவிட்டேன். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்தால், நல்ல முட்டையில் சிலந்தி போல நரம்பு ஓடுகிறது. ஆனால் பாதிக்கு மேல் அப்படி இல்லை. ஓட்டின் உள்பக்கத்தை ஒட்டிச் சிவப்பாக ஒரு வளையம் மட்டும் தெரிகிறது. சேவலில் குறையா?

மேலூர்:
சேவலை மாற்றிவிடாதீர்கள் அண்ணே. வளையம் தெரிந்தால் கரு கூடியிருக்கிறது, கொஞ்சம் வளர்ந்து செத்திருக்கிறது என்று அர்த்தம். எட்டுப் பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம். முட்டையை எங்கே வைத்திருந்தீர்கள், எத்தனை நாள்?

உசிலம்பட்டி:
அடுப்படிப் பரணில், வாளியில் தவிடு போட்டு. முதலில் எடுத்தவை இரண்டு வாரம் தாண்டியிருக்கும்.

மேலூர்:
அப்படியென்றால் பரண் சூடுதான் காரணமாக இருக்கும். சுமார் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கரு வளராமல் அப்படியே நிற்கும். நம் பக்கம் சித்திரைப் பகலில் 38, 40 என்று போகிறது, அதுவும் அடுப்புக்கு மேலே! அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளர ஆரம்பித்து பலவீனமாகிவிடும். அப்புறம் மெஷினில் வைத்தாலும் முதல் சில நாளிலேயே போய்விடும். 15 முதல் 18 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் இருந்தால் நல்லது. அப்படி வைத்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். வெயில் காலத்தில் நான் நாலைந்து நாளிலேயே வைத்துவிடுவேன்.

உசிலம்பட்டி:
ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

திருமங்கலம்:
வேண்டாம் தம்பி. உள்ளே 4 டிகிரி போல இருக்கும், அது கருவுக்கு ரொம்பக் குளிர். வெளியே எடுத்ததும் ஓடு வியர்க்கும், அந்த ஈரத்தோடு கிருமி உள்ளே இறங்கும். நாங்கள் அகலமான சட்டியில் மணல் நிரப்பித் தண்ணீர் தெளித்து, அதன் மேல் மண்பானையை வைப்போம். பானைக்குள் காய்ந்த உமி பரப்பி, கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளை நிறுத்தி, மெல்லிய பருத்தித் துணியால் மூடுவோம். மணல் காயக் காயத் தண்ணீர் தெளிக்க வேண்டும், பானைக்குள் சொட்டக் கூடாது. வீட்டில் வெயில் படாத, காற்றோட்டமான மூலையாகப் பாருங்கள். 15 டிகிரி வராதுதான், ஆனாலும் பரணைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம், காலையிலும் மதியமும் சாயங்காலமும் முட்டையை எடுத்துவிடுங்கள். வேறு கோழி அடையில் உட்கார்ந்தால் அந்தச் சூடே போதும், கரு கிளம்பிவிடும். எடுத்த தேதியைப் பென்சிலால் எழுதுங்கள். கழுவவே கூடாது, ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய்விடும். எச்சம் அப்பியது, கீறல் விட்டது எல்லாம் அடைக்கு வேண்டாம்.

உசிலம்பட்டி:
நன்றி அக்கா, அண்ணே. வளையம் உள்ளவற்றை 21 நாள் வரை விட்டுப் பார்க்கலாமா?

மேலூர்:
இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்தச் சூட்டில் அழுகி ஒன்று வெடித்தாலும் பக்கத்தில் உள்ள நல்ல முட்டைக்கும் கிருமி பரவும். சந்தேகமானவற்றை மட்டும் தனியாகக் குறித்து, இரண்டு நாள் கழித்து மறுபடி டார்ச் அடித்துப் பாருங்கள்.