4 நாளில் வந்த ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் செல்லாதாம், இனி என்ன செய்வது?

ஆம்பூர்_அப்பர்:
ஆம்பூர் பக்கம் 22 பேர் வேலை செய்யும் யூனிட் எங்களுடையது. ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துத் தரும் ஜாப் ஒர்க். லெதர், அதை வெட்டும் அச்சான கட்டிங் டை எல்லாம் பார்ட்டியே கொடுத்துவிடுவார். பெரிய ஆர்டருக்கு ஐஎஸ்ஓ 9001 என்ற தர மேலாண்மைச் சான்றிதழ் வேண்டும் என்றார். ஒரு கன்சல்டன்ட் யூனிட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் 4 நாளில் சான்றிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூடவே 80 பக்க மேனுவல். எங்களிடம் இல்லாத டிசைன் டிபார்ட்மென்ட்டுக்கே அதில் 6 பக்கம்! சான்றிதழ் தந்த நிறுவனத்துக்கு அக்ரெடிடேஷன் (அங்கீகாரம்) இல்லை என்று பார்ட்டி திருப்பிவிட்டார். ஐஎஸ்ஓவிடமே நேராக வாங்க முடியாதா?

ராணிப்பேட்டை_ஆடிட்:
முடியாது சார். ஜெனீவாவில் இருக்கும் ஐஎஸ்ஓ தரநிலையை வெளியிடுவதோடு சரி, யாருக்கும் சான்றிதழ் தராது. தருவது தனி நிறுவனங்கள். அவர்களுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்தியாவில் அந்த அங்கீகாரம் தருவது குவாலிட்டி கவுன்சிலின் கீழ் இயங்கும் என்ஏபிசிபி. கன்சல்டன்ட் வேலையும் பார்த்து, சான்றிதழும் நானே தருகிறேன் என்றால் ஓடிவிடுங்கள். ஒரே நிறுவனம் இரண்டையும் செய்யக் கூடாது.

முறையான ஆடிட் 2 கட்டம். முதலில் பேப்பரையும் தயார்நிலையையும் பார்ப்பார்கள், அப்புறம் யூனிட்டில் நடக்கும் வேலையை. அதற்குள் நீங்களே ஒரு இன்டர்னல் ஆடிட், ஒரு மேனேஜ்மென்ட் ரிவ்யூ முடித்திருக்க வேண்டும். சான்றிதழ் 3 வருடம் செல்லும், நடுவில் வருடா வருடம் வந்து பார்ப்பார்கள்.

ஆம்பூர்_அப்பர்:
அந்த மேனுவலையே திருத்தி வைத்துக்கொள்ளலாமா?

வாணியம்பாடி_தையல்:
தூக்கிப் போடுங்கண்ணா. ஐஎஸ்ஓ 9001-இன் 2015 பதிப்பில் மேனுவல் கட்டாயமே இல்லை. டிசைன் பார்ட்டியுடையது என்றால் டிசைன் பற்றிய 8.3 பிரிவு எங்களுக்குப் பொருந்தாது என்று காரணத்தோடு எழுதிவிடலாம். நாங்கள் மாட்டியது வேறு இடத்தில்: 8.5.3, வாடிக்கையாளர் பொருள். பார்ட்டியின் லெதர் எத்தனை சதுர அடி வந்தது, எவ்வளவு கழிந்தது, டை உடைந்ததைச் சொன்னீர்களா என்று ஆடிட்டர் கேட்டார். சொன்னது உண்மை, ஆனால் போனில்! மைனர், அதாவது சிறு குறை என்று எழுதிவிட்டார். காரணம் எழுதி, ரெஜிஸ்டர் போட்டுக் காட்டிய பிறகுதான் மூடினார். லெதர் தடிமன் அளக்கும் கேஜுக்குக் காலிபரேஷன் (சரியாக அளக்கிறதா என்ற சோதனை) சான்றும் கேட்பார்கள்.

ஆம்பூர்_அப்பர்:
கேஜ் அப்பா காலத்தது. நாளைக்கே காலிபரேஷனுக்குக் கொடுத்துவிடுகிறேன். லெதர் கணக்கு மேஸ்திரி நோட்டில் இருக்கிறது, போதுமா?

வாணியம்பாடி_தையல்:
தேதியும் லாட் நம்பரும் இருந்தால் அதே நோட்டு போதும்.

ராணிப்பேட்டை_ஆடிட்:
முதலில் அந்த 4 நாள் சான்றிதழை ஆபீஸ் சுவரிலிருந்து இறக்குங்கள், சார்.