ஐடம் மோட்: கார் இல்லாமல், மூட்டுவலிக்காரரோடு போய்வர முடியுமா?

வழிப்போக்கன் (கேள்வி)
லண்டனிலிருந்து ஒரே நாளில் கென்ட்டில் உள்ள ஐடம் மோட் (அகழி சூழ்ந்த பழைய மாளிகை) போய்வரத் திட்டம். கார் கிடையாது. கூட வரும் அம்மாவுக்கு மூட்டுவலி, மாடிப்படி ஆகாது. எந்த ஸ்டேஷனில் இறங்குவது? படி ஏறாமல் எவ்வளவு பார்க்கலாம்?

தண்டவாளம்
கிட்டத்து ஸ்டேஷன் பரோ கிரீன். அங்கிருந்து சுமார் மூன்றரை மைல். செவனோக்ஸ் சுமார் 6 மைல் என்றாலும் பெரிய ஸ்டேஷன், டாக்ஸி பிடிப்பது சுலபம். அம்மா வருவதால் அதுதான் என் ஓட்டு. திரும்பும் வண்டிக்கும் போகும்போதே நேரம் பேசிவிடுங்கள்.

டிரைவரிடம் வெறுமனே "ஐடம்" என்றால் வடக்கே அதே பெயரில் இருக்கும் ஊரில் இறக்கிவிடுவார். வீடு இருப்பது ஐவி ஹாட்ச் என்ற சிற்றூர்ப் பக்கம். அஞ்சல் குறியீடு டிஎன்15 0என்டி.

சுண்ணாம்புக்காரை
டிக்கெட் தருமிடம் மேட்டில், வீடு பள்ளத்தில். ஊற்றுநீர் அகழிக்குத் தானாக வடிந்து வர வேண்டுமே! இறங்கும்போது ஒன்றும் தெரியாது. திரும்பி ஏறும்போதுதான் மூட்டு பேசும். அதனால் கீழே இறக்கிவிடும் வசதியை ரிசப்ஷனில் முதலிலேயே கேளுங்கள். உள்முற்றம் உருண்டைக்கல் பாவியது, கைத்தடி வழுக்கும்.

பெரிய கூடம் தரைத்தளத்தில்தான். 14ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம், அம்மா நிதானமாகப் பார்க்கலாம். முற்றத்தில் ஒரு நாய்க்கூண்டு இருக்கும், தவறவிடாதீர்கள். செயின்ட் பெர்னார்ட் நாய்க்காகக் கட்டியது, அதற்கும் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் இடம் உண்டு! எட்டாம் ஹென்றி காலத்து ஓவியக் கூரையுள்ள சிற்றாலயமும், கையால் வரைந்த சீனச் சுவர்த்தாள் ஒட்டிய வரவேற்பறையும் மாடியில். அங்கே நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.

அறைகள் இருட்டாக இருக்கிறதே என்று குறைப்படாதீர்கள். வெளிச்சம் பட்டால் துணியும் தாளும் நிறம் வெளுக்கும். அதற்காகத்தான் திரையை இறக்கி வைக்கிறார்கள். ஃபிளாஷ் போடாதீர்கள். கூர்க்குதிகால் செருப்பும் வேண்டாம், மரத்தரையில் குழி விழும். மரம் இங்கே ஏற்கெனவே பட்ட பாடு போதும்: ஈரத்தில் பூஞ்சை பிடித்து இளகிய ஓக்கைத்தான் டெத்வாட்ச் வண்டு துளைக்கும். 1989 முதல் 2004 வரை வீட்டையே பகுதி பகுதியாகப் பிரித்துச் சீரமைத்தார்கள். செலவு சுமார் ஒரு கோடி பவுண்டு.

வழிப்போக்கன்
நன்றி. தோட்டத்துக்கு எந்த மாதம்? அதே நாளில் செவனோக்ஸ் நோல் மாளிகையும் முடியுமா?

பச்சைக்கை
புளூபெல் (நீல மணிப்பூ) வேண்டுமானால் ஏப்ரல் கடைசி, மே தொடக்கம். அது பூப்பது தோட்டத்தில் அல்ல, பக்கத்து ஸ்கேத்ஸ் காட்டில். மழை பெய்திருந்தால் சேறு, அம்மாவுக்குச் சரிவராது. ரோஜாவும் பூப்பாத்திகளும் ஜூனில். படத்துக்கு: நுழைவுக்கோபுரம் மேற்கு பார்த்தது, காலையில் நிழலில் கிடக்கும், பிற்பகலில்தான் வெயில் விழும். அகழியில் பிம்பம் விழக் காற்று அடங்கியிருக்க வேண்டும்.

நோலையும் சேர்த்தால் இரண்டுமே அரைகுறை. புறப்படும் முன், இந்த வீட்டைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் இணையதளத்தில் வீடு திறக்கும் நேரத்தைத் தனியாகப் பாருங்கள். தோட்டம் திறந்திருக்கிறது என்பதால் வீடும் திறந்திருக்கும் என்று அர்த்தமில்லை.