யோசெமிட்டியில் டென்ட், அம்மாவின் புளிக்காய்ச்சல், நடுவில் கரடி: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

கே.ஆர்.புரம் வாசி:
எல்லோருக்கும் வணக்கம். தங்கை கலிபோர்னியாவில் இருக்கிறாள். செப்டம்பர் கடைசியில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து போகிறேன். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் அப்பர் பைன்ஸ் முகாமில் ஒரு வார இறுதிக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாள். பூங்காவுக்குள் ஓட்டல் அறை கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அந்த வாடகையைக் கேட்டால் அப்பாவுக்குத் தூக்கம் வராது. ஆக டென்ட்தான்.

அம்மா இப்போதே பட்டியல் போட்டுவிட்டார். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, மாங்காய்த் தொக்கு, தட்டை, ஒரு டப்பா நெய். அப்பா யூடியூபில் கிரிஸ்லி என்கிற பெரிய பழுப்புக் கரடி வீடியோவாகப் பார்த்துவிட்டு, கரடி வந்தால் செத்த மாதிரி படுத்துக்கொள்ள வேண்டுமென்று ஹாலில் பாய் விரித்து ஒத்திகையே பார்த்துவிட்டார்.

பெருங்காய வாசனைக்குக் கரடி வருமா? சாப்பாட்டை எல்லாம் காரிலேயே பூட்டி வைத்தால் போதாதா? கரடியை விரட்டுகிற மிளகாய் ஸ்ப்ரே, அதான் கரடி ஸ்ப்ரே, வாங்கவா என்று தங்கை கேட்கிறாள். அப்பாவுக்குச் சர்க்கரை. ராத்திரியில் எழுந்து பாத்ரூம் போகாமல் முடியாது. எனக்கு நிஜமான கவலை அதுதான்.

வைட்ஃபீல்ட் மாமா:
வயசானவர்களை வைத்துக்கொண்டு எதற்கு இந்த வம்பு? பூங்காவுக்கு வெளியே ரூம் போடுங்கள். டென்ட்தான் என்றால் சாப்பாட்டை மூட்டை கட்டி மரத்தில் தொங்கவிடுங்கள், கரடிக்கு எட்டாது. ஸ்ப்ரே கட்டாயம் வாங்குங்கள்.

ஃப்ரெஸ்னோ ரிட்டர்ன்:
மாமா தப்பாக நினைக்கக் கூடாது, அவர் சொன்னதில் இரண்டு விஷயம் யோசெமிட்டியில் சட்டவிரோதம். சாப்பாட்டை மரத்தில் தொங்கவிடுவதற்கு அங்கே அனுமதி இல்லை, கரடிகள் அந்த வித்தையை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டன. கரடி ஸ்ப்ரேயும் அந்தப் பூங்காவுக்குள் கொண்டுபோகக் கூடாத பொருள். வேறு சில பூங்காக்களில் வாங்கச் சொல்வார்கள், இங்கே தடை. எந்தப் பூங்கா என்று பார்க்காமல் யூடியூப் அறிவுரை கேட்டால் இப்படித்தான் ஆகும்.

நான் ஃப்ரெஸ்னோவில் குடியிருந்த காலத்தில் யார் ஊரிலிருந்து வந்தாலும் யோசெமிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. இப்போது ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன் தம்பி.

முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள், அங்கே கிரிஸ்லி கிடையாது. கலிபோர்னியாவிலேயே நூறு வருஷமாக இல்லை. அங்கே இருப்பது கறுங்கரடி. பெயர்தான் கறுப்பு, யோசெமிட்டியில் பெரும்பாலும் பழுப்பு நிறத்தில்தான் திரியும். அதைப் பார்த்து கிரிஸ்லி என்று அலற வேண்டாம். அந்தப் பூங்காவில் கரடி அடித்து யாரும் செத்ததில்லை. அதற்கு வேண்டியது உங்கள் அப்பா இல்லை, அம்மாவின் தட்டை.

காரில் பூட்டுவது பற்றி: இருட்டிய பிறகு காரில் சாப்பாடு இருக்கவே கூடாது, அது விதி. 1998-ல் மட்டும் அந்தப் பூங்காவில் 1,300 வண்டிகளுக்கு மேல் கரடி உடைத்தது. ஜன்னல் சட்டத்தின் மேல் விளிம்பில் நகத்தைக் கொடுத்துக் கதவை அப்படியே கீழே மடக்கிவிடும். உள்ளே சாப்பாடு இருக்க வேண்டுமென்பது கூட இல்லை. ஐஸ் பெட்டியைப் பார்த்தாலே அதற்குத் தெரியும். குழந்தை சீட்டுக்கு அடியில் கிடக்கிற பிஸ்கட் தூளும் போதும். இப்போது அந்தக் கணக்கு வெகுவாகக் குறைந்துவிட்டது என்றால் காரணம் இரும்புப் பெட்டிகள்.

ஒவ்வொரு டென்ட் இடத்துக்கும் பழுப்பு நிறத்தில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். தாழ்ப்பாள் வெளியே தெரியாது. ஒரு தகட்டு மூடிக்கு அடியில் விரலை விட்டு உள்ளிருக்கும் பிடியை அசைக்க வேண்டும், கரடியின் பாதம் அங்கே நுழையாது. முதல் தடவை உங்களுக்கே கொஞ்சம் பிடிபடாது. சாயங்கால வெளிச்சத்திலேயே அம்மா, அப்பா இருவரையும் திறந்து மூடிப் பழக்கிவிடுங்கள். சமைத்துக்கொண்டிருக்கும்போதும் வேண்டியதை எடுத்தவுடன் பெட்டியைத் தாழிட வேண்டும். ‘இங்கேதானே இருக்கிறோம்’ என்று திறந்து போடுகிறவர்களிடம்தான் பகலிலேயே கரடி வந்து பையைத் தூக்கிக்கொண்டு போகும். ரேஞ்சர், அதாவது பூங்காக் காவலர், பார்த்தால் 5,000 டாலர் வரை அபராதம்.

பெட்டிக்குள் எது போக வேண்டும் என்பதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுவார்கள். சாப்பாடு மட்டும் இல்லை, வாசனை உள்ள எல்லாமே. பற்பசை, சோப்பு, தேங்காய் எண்ணெய், பவுடர், தலைவலித் தைலம், சூரியக் களிம்பு, காலி டப்பா, குப்பை எல்லாம் உள்ளே. மூடி இறுக்கமாக இருக்கிறதே, ஜிப் கவரில் போட்டிருக்கிறேனே என்ற கதை எடுபடாது. பெருங்காயத்துக்கென்று தனியாக வருமா என்றால், புளிக்காய்ச்சல் டப்பாவைத் திறந்தால் பக்கத்து டென்ட்காரனே வந்து நிற்பான், கரடிக்கு என்ன கேடு? அதுவும் செப்டம்பர், அக்டோபரில் குளிர்காலத் தூக்கத்துக்கு முன்னால் கொழுப்பு சேர்க்கிற நேரம். ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்னும்.

அப்பா விஷயம் முக்கியம். சர்க்கரைக்காரர்கள் தலைமாட்டில் மிட்டாயோ குளுக்கோஸ் பொட்டலமோ வைத்துக்கொள்வார்கள். டென்ட்டுக்குள் அதுவும் கூடாது. படுக்கப் போகும் முன் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, மிட்டாயைப் பெட்டியின் முன்வரிசையில், கை போனதும் கிடைக்கிற இடத்தில் வையுங்கள். பெட்டிக்கு மிக அருகில் இருக்கிற டென்ட்டில் அப்பா படுக்கட்டும், துணைக்கு நீங்கள். முகாமுக்குள் போனவுடன் ரேஞ்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ராத்திரி பாத்ரூமுக்கு டார்ச்சோடு இரண்டு பேராகப் பேசிக்கொண்டே போங்கள். தூரத்தில் கரடியைப் பார்த்தால் 50 கஜ இடைவெளி விடுங்கள். அதுவே உங்கள் டென்ட் இடத்துக்கு வந்துவிட்டால் நாகரிகம் பார்க்காதீர்கள். எல்லோரும் சேர்ந்து நின்று, கையைத் தூக்கி, தொண்டை கிழியக் கத்தி விரட்டுங்கள். தப்பிக்க வழி மட்டும் விட்டு நில்லுங்கள். ஓடாதீர்கள். ஏற்கெனவே பையைக் கவ்விவிட்டது என்றால் பிடுங்கப் போகாதீர்கள்.

செத்த மாதிரி படுக்கிற ஒத்திகையை அப்பா மறந்துவிடட்டும். அது கிரிஸ்லி திடுக்கிட்டு மேலே பாயும்போது செய்வது. கறுங்கரடி தாக்கினால் எதிர்த்து அடிக்க வேண்டும். டென்ட்டுக்குள் புகுந்து தாக்குகிற கரடி எந்த இனமானாலும் எதிர்த்தே ஆக வேண்டும்.

தளி ரோடு:
எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டை பக்கம். அப்பாவின் பயம் நியாயமானது என்றுதான் சொல்வேன், ஏனென்றால் நம் கரடி வேறு. ராமநகரா, சாவனதுர்கா, தளி பக்கமெல்லாம் திரிவது மார்பில் வெள்ளையாக வளைவு போட்ட கரடி. சாப்பாட்டு மூட்டைக்காக வருவதில்லை. கறையான் புற்றில் மூக்கை விட்டு உறிஞ்சுகிற சத்தம் நமக்குத் தூரத்திலிருந்தே கேட்கும், ஆனால் நாம் வருவது அதற்குக் கேட்காது. திடீரென்று பக்கத்தில் ஆளைப் பார்த்ததும் முகத்தைப் பார்த்துப் பாயும். புலி இருக்கிற காட்டில் வளர்ந்த புத்தி அது. எங்கள் ஊரில் விடியற்காலையில் கொல்லைக்குப் போகிறவர்கள் தடியைத் தட்டிக்கொண்டு, இருமிக்கொண்டு போவார்கள்.

இங்கே தேசியப் பூங்காக்களில் நினைத்த இடத்தில் டென்ட் அடிக்க விடமாட்டார்கள் என்பதால் டென்ட்டும் கரடியும் என்ற பேச்சே நமக்குப் புதுசு. ஹம்பி பக்கம் தரோஜியில் கரடிக்கென்றே 1994-லிருந்து சரணாலயம் இருக்கிறது. பாறையில் வெல்லப்பாகு தடவி வைப்பார்கள், சாயங்காலம் கரடிகள் இறங்கி வரும், நாம் தூரத்துக் கோபுரத்திலிருந்து பார்க்கலாம்.

ஃப்ரெஸ்னோ ரிட்டர்ன்:
யோசெமிட்டியிலும் ஒரு காலத்தில் குப்பைச் சோற்றைக் கொட்டி, விளக்குப் போட்டு, பயணிகளுக்குக் கரடி காட்டினார்கள். 1940-ல் நிறுத்தினார்கள். மனிதச் சாப்பாட்டு ருசி கண்ட கரடி மறுபடி மறுபடி வரும், துணிச்சல் ஏறும், கடைசியில் பூங்கா ஆட்களே அதைக் கொன்றுவிட வேண்டி வரும். பெட்டி நமக்காக என்பதைவிட அதற்காக.

கே.ஆர்.புரம் வாசி:
ரொம்ப நன்றி அக்கா. மிட்டாய் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு கிடக்கும். இன்னும் ஒன்று. அப்பா சாயங்காலம் ஊதுபத்தி ஏற்றாமல் இருக்க மாட்டார். விபூதிச் சம்புடமும் கூடவே வரும். அதுவுமா பெட்டியில்?

ஃப்ரெஸ்னோ ரிட்டர்ன்:
ஊதுபத்தி, கற்பூரம், சந்தனம் எல்லாம் பெட்டியில்தான். விபூதி வாசனை போட்டதாக இருந்தால் அதுவும். சாமி கோபித்துக்கொள்ளாது, ரேஞ்சர்தான் கோபித்துக்கொள்வார். சட்டைப் பை, கைப்பை, ஜாக்கெட் எல்லாவற்றையும் தினமும் படுக்கும் முன் நீங்களே துழாவிவிடுங்கள், பெரியவர்களை நம்ப வேண்டாம். பாத்திரம் கழுவிய தண்ணீரை மரத்தடியில் ஊற்றாமல் முகாமில் அதற்கென்று இருக்கிற வடிகாலில் ஊற்றுங்கள். நெய், புளிக்காய்ச்சல் பக்கத்தில் அம்மாவின் ஐஸ் பெட்டியும் நுழைய வேண்டும், அதனால் உங்கள் முகாமின் இரும்புப் பெட்டி அளவைப் பூங்காவின் இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டு ஐஸ் பெட்டியை வாங்குங்கள்.

அரிசி, கொண்டைக்கடலை இங்கிருந்து சூட்கேஸில் வைக்காதீர்கள், அமெரிக்கச் சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். மற்றதைக் கேட்கும்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஜெயநகர் 4-வது பிளாக்:
நடுவில் புகுந்து கேட்கிறேன். நாங்கள் ஜூனில் யெல்லோஸ்டோன் போகிறோம். இதே கதைதானா?

ஃப்ரெஸ்னோ ரிட்டர்ன்:
சாப்பாட்டையும் வாசனைப் பொருளையும் வெளியே விடக் கூடாது என்ற கதை அதேதான். மற்றது வேறு. அங்கே கிரிஸ்லி உண்டு, 100 கஜ இடைவெளி விடணும், நடைபாதையில் மூன்று பேருக்குக் குறையாமல் கைதட்டிச் சத்தம் போட்டுக்கொண்டு போகணும். ஸ்ப்ரே அங்கே அவசியம், அதுவும் பைக்குள் புதைத்து வைக்காமல் இடுப்பில் மாட்டியிருக்கணும். ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் டென்ட்டுக்கு இடம் கிடையாது, கெட்டிச் சுவர் வைத்த வண்டிகள் மட்டும்தான். ஸ்ப்ரேயை விமானத்தில் ஏற்றவே கூடாது, செக்-இன் பெட்டியிலும்கூட. அங்கே இறங்கியபின் வாங்குங்கள். திரும்பும்போது மிச்சமிருந்தால் தங்கிய இடத்தில் கேட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.