க்ரானிக் ஃபெடீக்கை கண்டுபிடிக்க ரத்த டெஸ்ட் வந்துடுச்சா?

தூங்காவிளக்கு:
தங்கச்சிக்கு ரெண்டு வருஷமா இதே பாடு. தலைக்கு குளிச்சா அன்னிக்கு நல்லாதான் இருப்பா, மறுநாள் காலைல பல்லு தேய்க்க கையை தூக்க முடியாம கட்டில்ல உக்காந்தே தேய்ப்பா, அப்புறம் மூணு நாள் படுக்கைதான். ஹீமோகுளோபின், தைராய்டு, சுகர், பி12, ஈஎஸ்ஆர்னு எல்லாம் எடுத்தாச்சு, மொத்தமும் நார்மல். ஒரு டாக்டர் ரிப்போர்ட்டை மூடி வச்சுட்டு "ஒண்ணுமில்லம்மா, மனசுதான்"னு சொன்னதுல அவ உடைஞ்சே போய்ட்டா. இன்னொருத்தர் சிஎஃப்எஸ்ஸா, அதான் இந்த க்ரானிக் ஃபெடீக் சிண்ட்ரோம்ங்கற தீராத களைப்பு நோயா இருக்கலாம்ங்கறார். 2025ல 96% கரெக்டா சொல்ற ரத்த டெஸ்ட் வந்துடுச்சுன்னு நியூஸ் பாத்தேன், அதை எடுக்க முடியுமா?

மைக்ரோபிப்பெட்:
அண்ணா, அதை நம்பி இப்போதைக்கு காசு செலவு பண்ணாதீங்க. ஈஸ்ட் ஆங்கிலியா யுனிவர்சிட்டியும் ஆக்ஸ்ஃபோர்ட் பயோடைனமிக்ஸ் கம்பெனியும் செஞ்ச ஆராய்ச்சி அது, ரத்த செல்லுக்குள்ள டிஎன்ஏ எப்படி மடிஞ்சு கிடக்குன்னு பாக்கறாங்க. பேஷண்ட் 47 பேர், எல்லாமே ரொம்ப முத்தின கேஸ், எதிர்ல ஆரோக்கியமா இருக்கற 61 பேர். ஆனா டாக்டர் முன்னாடி இருக்கற கேள்வியே வேற, இது சிஎஃப்எஸ்ஸா லூபஸா மல்டிபிள் ஸ்க்லெரோசிஸா டிப்ரஷனாங்கறதுதான், அதுக்கு அந்த வியாதிக்காரங்க ரத்தத்தையும் பக்கத்துல வச்சு பாத்திருக்கணும்.

இன்னொண்ணு, நோய் இல்லாதவங்கள்ல 98% பேரை சரியா விலக்குச்சுன்னு சொல்றாங்க. கேக்க பிரமாதமா இருக்கும். 1000 பேர்ல 5 பேருக்குத்தான் இந்த நோய்னு வச்சுக்கோங்க, மீதி 995 பேர்ல கிட்டத்தட்ட 20 பேருக்கு இல்லாத நோயை இருக்குன்னு சொல்லிடும், நிஜமா இருக்கற அஞ்சு பேரை விட நாலு மடங்கு!

வெயில்நிழல்:
நான் 11 வருஷமா இதோட இருக்கேன் தம்பி, அதனால இந்த மாதிரி நியூஸ் வந்தாலே வயித்துல ஒரு பயம். 2009ல சயன்ஸ் பத்திரிகைல எக்ஸ்எம்ஆர்விங்கற வைரஸ்தான் காரணம்னு வந்துச்சு, கடைசில பாத்தா அது லேப்ல கலந்த அசுத்தம், 2011ல பேப்பரையே வாபஸ் வாங்கிட்டாங்க. அதை நம்பி எச்ஐவி மருந்து சாப்பிட்டவங்க கூட உண்டு, நினைச்சா இன்னிக்கும் மனசு ஆறல.

ஆனாலும் 2019ல ஸ்டான்ஃபோர்ட்ல ரான் டேவிஸ் டீம் செஞ்சது எனக்கு பெரிய ஆறுதல். அவர் மகனே இந்த நோயால படுத்த படுக்கையா இருக்கார். ரத்த செல்லை எடுத்து உப்பை சேர்த்து கஷ்டப்படுத்தி, சின்ன சிப்ல மின்சாரத்துக்கு எவ்வளவு தடை வருதுன்னு அளந்தாங்க, 20 பேஷண்ட்டுக்கும் தடை எகிறிடுச்சு, நல்லா இருந்த 20 பேருக்கு அப்படி ஆகல. சும்மா இருக்கறப்ப ஒண்ணும் தெரியாது, வேலை குடுத்தாதான் செல் தடுமாறுது. உங்க தங்கச்சி குளிச்சதுக்கு அப்புறம் படற பாடும் இதே மாதிரிதானே?

மைக்ரோபிப்பெட்:
அக்கா சொன்னது சரி, ஆனா அந்த 40 பேருக்கு மேல பெரிய அளவுல அது இன்னும் உறுதியாகல. நான் அதிகமா மதிக்கறது எடின்பரோ டீம் 2025ல யுகே பயோபேங்க்ங்கற, பிரிட்டன்ல லட்சக்கணக்கானவங்களோட உடல்நல விவரத்தை சேத்து வச்சிருக்கற டேட்டாவை வச்சு செஞ்சதை, 1,455 பேஷண்ட்டோட ரத்த அளவுகளை ஒரு லட்சத்துக்கும் மேல உள்ள மத்தவங்களோட ஒப்பிட்டாங்க. நிறைய அளவுகள்ல வித்தியாசம் இருந்துச்சு, அதுவும் நடமாட்டம் குறைஞ்சதால வந்ததா தெரியல. ஒவ்வொண்ணும் சின்ன சின்ன வித்தியாசம்தான், எதை வச்சும் தனி ஆளை பாத்து ஆமா இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா "மனசுதான்"ங்கறவங்களுக்கு நல்ல பதில்.

தூங்காவிளக்கு:
ரொம்ப நன்றி, ரெண்டு பேருக்கும். அப்போ டெஸ்ட் வர்ற வரைக்கும் டாக்டர்கிட்ட எதை காட்டறது?

வெயில்நிழல்:
டைரி போடுங்க தம்பி. என்ன வேலை செஞ்சா, எத்தனை மணி நேரம் கழிச்சு விழுந்தா, எத்தனை நாள் ஆச்சு எழுந்திருக்க, இதுதான் இன்னிக்கு டயக்னோசிஸ்க்கு முக்கியம். ஆறு மாசத்துக்கு மேல இருக்கா, தூங்கி எழுந்தும் களைப்பு போகலையா, நின்னா தலை சுத்துதா, மூளை மந்தமாகுதான்னும் எழுதுங்க. அடுத்த தடவை போறப்ப, பத்து நிமிஷம் சுவத்துல சாஞ்சு நிக்க வச்சு நாடியும் பிபியும் பாக்க சொல்லுங்க, பக்கத்துல யாராவது பிடிச்சுக்க நிக்கணும். அன்னிக்கு வேற எந்த வேலையும் வச்சுக்காதீங்க, மறுநாளும் அவளை படுக்க விடுங்க.